கருநாக்கன் செத்த இதழ்

புது இதழ் வெளியான ஐந்தாம் நாள் காலையில் 'இருபதுமுகம்' அலுவலகத்துக்குள் யாராவது விவரம் தெரியாமல் நுழைந்திருந்தால், இங்கே யாரோ பெரிய மோசடி செய்துவிட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவ்வளவு வசவு. அலுவலகம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மேசை. கீழே சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் நாள் முழுக்க மேலே கேட்கும். ஒரு மேசை ஆசிரியையுடையது, மற்றது அவள் கொழுந்தனுடையது. எழுதுவது, திருத்துவது, வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் அவள். படம் போடுவது, பக்கம் கட்டுவது, அச்சகத்துக்கு ஓடுவது எல்லாம் அவன். பத்திரிகையின் மொத்தப் பட்டாளமும் அவ்வளவுதான்.

கொழுந்தன் வந்த கடிதங்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இதழுக்கும் இது வழக்கம். அவன் வாசிப்பான், அவள் டீயைக் குடித்துக்கொண்டே எதை அச்சிடலாம், எதைக் குப்பையில் போடலாம் என்று சொல்வாள்.

"'பதினெட்டாம் பக்க அட்டவணையில் பன்னிரண்டுக்கு அடுத்துப் பதினான்கு வருகிறது. பகடையில் பதின்மூன்று விழுந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டுமா?'"

"நியாயம்தான். போட்டுடு. அடுத்தது."

"'வில் வைத்திருப்பவர்களுக்கு இந்த இதழின் புது விதியில் நீங்கள் செய்திருக்கும் துரோகத்தை என் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்ப்பேன்.'"

"அந்த ஆளுக்குக் கல்யாணமே ஆகலை. அடுத்தது."

"'அட்டையில் இருப்பது டிராகன் என்று உள்ளே குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். நல்ல வேளை போட்டீர்கள். மழையில் நனைந்த ஓணான் என்று நாங்கள்...'" கொழுந்தன் நிறுத்திக்கொண்டான். அட்டைப்படம் அவன் போட்டது. "இது வேண்டாம் அண்ணி. இடம் இல்லை."

"இடம் நான் பண்ணித் தர்றேன். போடு."

இந்தப் பத்திரிகை எந்த விளையாட்டுக்காக நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார்: இருட்டான சுரங்கம், எதிரே ஒரு கதவு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். 'நான் கதவில் காது வைத்துக் கேட்கிறேன்' என்பார் திருடன். கேட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை ஒன்று சொல்லும்; பத்திரிகைக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். இப்படியே வாரா வாரம், வருடக்கணக்கில் ஒரே கதை ஓடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வேலையற்றவர்களின் வேலை. விளையாடுகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பார்த்தால் தெரியும் சேதி.

வாசகர்களையும் சொல்ல வேண்டும். பிடிக்காத பத்திரிகையை உலகத்தில் மற்றவர்கள் வாங்காமல் விட்டுவிடுவார்கள். இவர்கள் வாங்கி, அட்டை முதல் அட்டை வரை படித்து, பென்சிலால் கோடு போட்டு, அதற்கப்புறம் திட்டுவார்கள். அதுவும் சொந்தப் பெயரில் இல்லை. மேசையில் எந்தப் பாத்திரமோ அந்தப் பெயரில்தான் கடிதம் எழுதுவார்கள். சொந்தப் பெயர் போட்டு எழுதுகிறவன் புதுசு என்று அர்த்தம். ஆசிரியையும் அவர்களை அந்தப் பெயர்களிலேயே தெரிந்து வைத்திருந்தாள். கோடாரிக்காரர் ஒருவர், ஒற்றைக்கண் ராணி ஒருவர். அவர்கள் பகலில் என்ன வேலை பார்க்கிறார்கள், கல்யாணமா, கடனா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கேட்பதும் மரியாதை இல்லை.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் தலைமையாக இருந்தது ஒரு பெயர்: கருநாக்கன்.

கருநாக்கன் ஒரு திருடன். கதையில்தான். சுரங்கங்களில் முன்னால் நடந்து, பொறி எங்கே இருக்கிறது, பள்ளம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவன் வேலை. கடிதத்திலும் அதே வேலையைத்தான் செய்தான். இதழ் வெளியான மூன்றாம் நாள் அவனுடைய நாலு பக்கக் கடிதம் வந்து நிற்கும். எந்த வரைபடத்தில் படிக்கட்டு சுவரில் போய் முட்டுகிறது, எந்த விதி போன வருட விதியோடு சண்டை போடுகிறது, எந்தப் பூதத்துக்கு ஆசிரியை கணக்குத் தப்பாகப் போட்டிருக்கிறாள் என்று ஒன்று விடாமல் எழுதி, கடைசியில் 'இன்னும் எத்தனை காலம் இப்படி?' என்று முடிப்பான். பதினோரு வருடம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும்.

ஆசிரியைக்கு அவனைக் கண்டால் ஆகாது. கண்டதே இல்லை, இருந்தும் ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததில் இருந்து அறவே ஆகாது.

பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்கு 'மறைந்தோர்' என்று பெயர். யாருடைய பாத்திரமாவது விளையாட்டில் செத்துப்போனால் அலுவலகத்துக்குச் சொல்வார்கள். ஆசிரியை நாலு வரியில் கேலியும் கிண்டலுமாக ஒரு இரங்கல் எழுதுவாள். பலர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். அதற்கு ஒரு விதியும் உண்டு. அந்தப் பக்கத்தில் அச்சானால் அந்தப் பாத்திரம் செத்தது செத்ததுதான். அதன்பின் எந்த மேசையிலும் அதை எழுப்பக் கூடாது. செத்த பிறகும் சாகவில்லை என்று அடம்பிடித்துச் சிநேகிதத்தையே முறித்துக்கொண்டவர்கள் இருந்ததால் வந்த விதி. எல்லா ஊர் மேசைகளும் அதற்குக் கட்டுப்பட்டன. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ விஷமத்துக்கு ஒரு பெண்ணின் பாத்திரத்தைச் செத்ததாகச் சொல்லிவிட, அதுவும் அச்சாகிவிட, அந்தப் பெண் அழுது புலம்ப, ஆசிரியை மனமிரங்கித் திருத்தம் போடுவதாக அறிவித்தாள். அவ்வளவுதான், கருநாக்கன் பிடித்துக்கொண்டான். 'அச்சில் வந்ததை அழுகைக்கு அழித்தால் உங்கள் பத்திரிகைக்கும் பொட்டலம் கட்டுகிற காகிதத்துக்கும் என்ன வித்தியாசம்?' நாலு பக்கமும் அதே சூடு. மற்ற வாசகர்களும் அவன் பின்னால் திரண்டார்கள். ஆசிரியை திருத்தத்தைக் கைவிட்டாள். அவன் சொன்னது சரி என்று அவளுக்கே தெரிந்ததுதான் அவளால் பொறுக்க முடியாதது.

அப்படிப்பட்ட கருநாக்கன் செத்துவிட்டான் என்று செய்தி வந்தால் எப்படி இருக்கும்?

இந்த இதழ் அச்சுக்குப் போகிற அன்று வந்தது. 'மறைந்தோர்' பக்கத்தில் இடம் மிச்சமிருக்கிறதே என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. ஒரு பெண் குரல். ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

"இருபதுமுகம் பத்திரிகைங்களா?"

"ஆமாங்க."

"கருநாக்கன் போயிட்டான். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு."

ஆசிரியை பேனாவைத் தேடி எடுத்தாள். கை பரபரத்தது. "அடடா. எப்படிங்க?"

"பள்ளத்துல விழுந்துட்டான்."

"அவரா? பள்ளத்துலயா? எவ்வளவு ஆழம்?"

"நாலு மாடி."

"கயிறு இல்லையா?"

"இருந்துச்சு. கட்டிக்கலை."

விளையாட்டில் பாத்திரம் மேலிருந்து விழுந்தால், எத்தனை மாடி ஆழமோ அத்தனை சாதாரண ஆறுமுகப் பகடை உருட்டிக் காயத்தைக் கணக்கிடுவார்கள். கருநாக்கனைப் போல அனுபவப்பட்ட திருடன் நாலு பகடையில் சாவது அபூர்வம். அவள் வாய் தானாகவே கேட்டது: "நாலுமே ஆறா விழுந்துச்சா?"

"என்ன கேட்டீங்க?"

"ஒண்ணுமில்லைங்க, அதை நான் பார்த்துக்கறேன். இந்த இதழ்லயே போட்டுடறேன்."

"போடுவீங்களா?"

"கண்டிப்பா."

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டது அந்தக் குரல்.

அவனோடு விளையாடுகிற பெண் யாரோ என்று ஆசிரியை நினைத்துக்கொண்டாள். குரலைக் கேட்டு ஒன்றும் சந்தேகம் வரவில்லை. இதைவிடப் பெரிய சோகத்தையெல்லாம் அந்தத் தொலைபேசியில் கேட்டிருக்கிறாள். ஒருவர் தன் கோவேறு கழுதை ஆற்றோடு போனதைச் சொல்லி விக்கி விக்கி அழுதிருக்கிறார். நிஜக் கழுதை இல்லை. அவள் ஒரே மூச்சில் எழுதினாள். பதினோரு வருடத்துப் பாக்கியை நாலு வரியில் தீர்த்துக்கொண்டாள்:

'கருநாக்கன், திருடன். பொறி கண்டுபிடிப்பதில் புலி என்று பெயர் வாங்கியவர், நாலு மாடிப் பள்ளம் ஒன்றைக் கண்டுபிடிக்கத் தவறினார். கயிறு இருந்தது, கட்டிக்கொள்ளத்தான் நேரமில்லை. ஊரார் தப்பையே பார்த்துக்கொண்டு நடந்தால் தன் கால் எங்கே போகிறதென்று தெரியாது. இனி நம் பக்கங்களில் பிழைகள் நிம்மதியாக வாழும்.'

கொழுந்தன் பக்கம் கட்டும்போது விழுந்து விழுந்து சிரித்தான்.

அதற்குத்தான் இப்போது வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றும் வில்லும் ஓணானும் போக, மிச்சக் கடிதம் எல்லாம் கருநாக்கனைப் பற்றி. சிலருக்குப் பரம சந்தோஷம். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கோபம்.

"'கருநாக்கன் பத்தடிக் கழியால் தட்டிப் பார்க்காமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். அவர் எப்படிப் பள்ளத்தில் விழுவார்? விசாரித்தீர்களா, இல்லை வசதியாக விட்டுவிட்டீர்களா?' இது கோடாரிக்காரர்" என்றான் கொழுந்தன். "இன்னொண்ணு: 'உங்கள் பழைய கோபத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு சாவு கிடைத்தது. அசிங்கம்.' இது ஒற்றைக்கண் ராணி. அண்ணி, இந்தத் தடவை கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டோமோ?"

"அவர் பதினோரு வருஷம் ஓவரா போனப்ப யாரும் எழுதலையே." ஆசிரியை கடிதக் கட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் வர வேண்டிய நாலு பக்கம் இந்தத் தடவை வரவில்லை. "வாய் அடைச்சுப் போச்சு பார் கருநாக்கனுக்கு" என்றாள். சொல்லும்போது இனித்தது. அதை மறைக்கவும் இல்லை.

அப்போதுதான் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவர் போல, மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் போடுகிற வெள்ளை மேலங்கியை மடித்துக் கையில் போட்டிருந்தார். இன்னொரு கையில் புது இதழ். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஆசிரியர் யாரு?"

"நான்தான். சொல்லுங்க."

"கருநாக்கனோட அக்கா நான்."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசகர்கள் வேஷத்தோடு நேரில் வந்து சண்டை போடுவது புதிதல்ல. மரக் கோடாரியோடு ஒருவர் வந்து அரை நாள் உட்கார்ந்திருந்திருக்கிறார். "வாங்க, உட்காருங்க" என்றாள். "உங்க கோபம் புரியுது. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். செத்தவங்க எல்லாருக்கும் அக்கா தங்கச்சி இருக்கத்தான் செய்யறாங்க."

வந்தவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். லிஃப்ட் நிறுவனம் ஒன்றின் அட்டை. அதில் மெலிந்த ஒரு மனிதர், காமிராவில் ஏதோ தப்பு கண்டுபிடித்தவர் போல முறைத்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். நாலாவது மாடியில கதவைத் திறந்து வெச்சுட்டு வேலை பார்த்துட்டு இருந்தான். கயிறு பக்கத்துலயே இருந்துச்சு, அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு கட்டிக்கலை. நான்தான் உங்களுக்கு போன் பண்ணினேன்."

ஆசிரியை அட்டையைப் பார்த்தாள். இதழைப் பார்த்தாள். கொழுந்தன் மெல்ல எழுந்து நின்றான். எதற்கு எழுந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் மனிதருக்கு என்ன புத்தி வருமோ, வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நீங்க... கொஞ்சம் தெளிவா சொல்லியிருக்கலாமே."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"தம்பி செத்த மூணாம் நாள், இதுக்கு மேல தெளிவா எப்படிங்க சொல்றது?" அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "அவன் பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது. அவன் உங்களுக்கு எழுதற பேரு எனக்குத் தெரியும். எனக்கு ஒரு பிறந்தநாளுக்குக்கூட ரெண்டு வரி எழுதினது கிடையாது அவன். உங்களுக்கு வருஷம் பூரா எழுதினான். லீவு போட்டு எழுதினான். அதான் உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணிச்சு. நீங்க என்ன கேட்டீங்க? நாலுமே ஆறா விழுந்துச்சான்னு கேட்டீங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. அதுக்கு என்ன அர்த்தம், அர்த்தம் என்னன்னு நாள்கணக்கா யோசிச்சேன். போலீஸ்ல கேக்கற மாதிரி ஏதோ முக்கியமான விஷயம்போலன்னு நினைச்சேன்."

கொழுந்தன் நகர்த்திய நாற்காலியை அவர் கவனிக்கவே இல்லை.

"அவனோட வேலை பார்க்கறவங்க எல்லாம் சேர்ந்து அவனுக்காக ஒரு கூட்டம் வெச்சாங்க. அவனுக்கு உசுரான பத்திரிகையில அவனைப் பத்தி வந்திருக்குன்னு நான்தான் பெருமையா எடுத்துட்டுப் போனேன். என்னால படிக்க முடியாதுன்னு பிரிக்காமலே கொண்டு போனேன். அவங்க மேற்பார்வையாளர் வாங்கி எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிச்சாரு." அவர் இதழின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஆசிரியையின் முன்னால் வைத்தார். "அவன்கூட அன்னைக்கு வேலையில இருந்த பையன் எழுந்து வெளியே போயிட்டான். நான் தினம் எத்தனையோ பேர் கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்கறவ. என் கை நடுங்கினது கிடையாது. அன்னைக்கு நடுங்கிச்சு."

"மன்னிச்சிடுங்க" என்றாள் ஆசிரியை. "சத்தியமா எங்களுக்கு... அடுத்த இதழ்ல முதல் பக்கத்துலயே மன்னிப்பு போடறேன். பெரிய எழுத்துல."

"உங்க மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"பின்ன என்ன வேணும்னு சொல்லுங்க. எதுவானாலும் செய்யறேன்."

"அவன் உயிரோட வேணும்."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் தம்பியைச் சொல்லலை" என்றார் அந்தப் பெண். "அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும். இன்னொருத்தனைச் சொல்றேன்."

பிறகு அவர் சொன்னது இது. தம்பியோடு விளையாடிய நாலு பேரும் அவன் போன பிறகு வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கதை பாதியில் நின்றிருந்தது. கருநாக்கன் ஒரு கதவில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அதோடு அன்றைய ஆட்டம் முடிந்து எழுந்தார்கள். அடுத்த வாரம் அவன் இல்லை. கதை நடத்துகிறவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்: 'கருநாக்கனைச் சாகடிக்க மாட்டோம்க்கா. அந்தக் கதவைத் திறந்து அந்தப் பக்கம் அனுப்பிடறோம். எங்கயோ நல்லா இருக்கட்டும்.' அக்காவுக்கு அந்த விளையாட்டின் தலையும் புரியாது, காலும் புரியாது. ஆனால் அதைக் கேட்ட அன்றுதான் அவர் கொஞ்சமாவது தூங்கினார்.

"அப்புறம் உங்க இதழ் வந்துச்சு. பசங்க மறுபடி வந்தாங்க. 'அச்சுல வந்துடுச்சுக்கா, இனிமே அவன் கதவைத் திறக்க முடியாது'ன்னு சொல்றாங்க. தாடி வெச்ச ஆம்பளைங்க, நாலு பேரும் அழறாங்க, அழுதுட்டே விதி விதிங்கறாங்க. பைத்தியக்காரங்க. யாரோ எழுதின நாலு வரிக்கு என்னடா இப்படின்னா, கருநாக்கனே அதுக்கு ஒத்துக்க மாட்டான்னு சொல்றாங்க." அவர் முதன்முறையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதையும் கோபமாகத்தான் துடைத்தார். "ஒரு சாவு தானா வந்துச்சு. இன்னொண்ணை நீங்க பண்ணினீங்க. நீங்க பண்ணினதை நீங்கதான் சரி பண்ணணும். முடியுமா, முடியாதா?"

முடியாது என்பதற்கான காரணம் அலமாரியில் இருந்தது. நாலு பக்கக் கடிதம், இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தது. அதை எழுதியவன் இப்போது மேசைமேல் அட்டையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தான்.

"முடியும்" என்றாள் ஆசிரியை.

அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டார். இதழை எடுக்கவில்லை. "இதை வீட்டுல வெச்சுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வெகுநேரம் இருவரும் வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் கொழுந்தன்தான் ஆரம்பித்தான்.

"அண்ணி, திருத்தம் போட்டா கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணு அழுதப்ப முடியாதுன்னு சொன்னோம். அவ சும்மா இருப்பாளா? ஆளாளுக்கு என் மந்திரவாதியை எழுப்பு, என் கழுதையை எழுப்புன்னு வந்து நிப்பாங்க. அந்தப் பக்கமே அதோட முடிஞ்சுது."

"தெரியும்."

"மன்னிப்பு மட்டும் கேட்டுட்டு, நிஜத்துல என்ன நடந்துச்சுன்னு எழுதிட்டா போதாதா?"

"அவங்க மன்னிப்பு கேட்கலையே. கதவைத்தானே கேட்டாங்க."

அவள் அலமாரியைத் திறந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்தாள். இதை எதற்கு வைத்திருந்தாள் என்று யாராவது கேட்டிருந்தால், என்றைக்காவது சரியான பதிலடி கொடுக்கத்தான் என்று சொல்லியிருப்பாள். இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்காதா, 'இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் விலக்கு' என்று ஒரு வார்த்தையாவது விட்டு வைத்திருக்க மாட்டானா என்று தேடினாள். பாவி, எல்லா வழியையும் அடைத்து வைத்திருந்தான். 'பரிதாபப்பட்டுத் திருத்துவீர்கள். அது நல்ல மனசு. ஆனால் நல்ல மனசுக்கு வளைகிற விதியை யாரும் விதி என்று மதிக்க மாட்டார்கள். நாளைக்கு என் பாத்திரமே தவறாக அச்சானாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.' அந்த வரியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன்மேல் கோபமும் வந்தது. செத்த பிறகும் சரியாகவே பேசிக்கொண்டிருக்கிறானே என்று. அஞ்சு நிமிஷ வேலைதானே என்று கயிறு கட்டாமல் விட்டவன், ஊருக்கெல்லாம் விதி படித்திருக்கிறான்.

திருத்தத்தை அவள் அன்றைக்கு எழுதவில்லை. பல நாள் எழுதி எழுதிக் கிழித்தாள். சாக்குச் சொல்கிற வரிகளை எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சியது கொஞ்சம்தான். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் அது வந்தது:

'சென்ற இதழில் கருநாக்கன் இறந்ததாக எழுதியிருந்தோம். இறந்தவர் கருநாக்கனாக நம்மோடு இருந்த மனிதர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் சாவை விளையாட்டில் நடந்த சாவு என்று நினைத்து, ஆசிரியை தன் பழைய கோபத்தைத் தீர்த்துக்கொண்டாள். அந்த வரிகளுக்கு மன்னிப்பு இல்லை, கேட்கவும் இல்லை. கருநாக்கன் சாகவில்லை. அவன் ஒரு கதவருகே நின்றுகொண்டிருக்கிறான். இதனால் நம் விதி உடைகிறது. அதைப் பற்றி அவருடைய கருத்து கீழே.'

கீழே அவனுடைய பழைய கடிதம் இருந்தது. நாலு பக்கத்தையும் ஒரு வார்த்தை விடாமல் போட்டாள். பதில் எதுவும் எழுதவில்லை. கொழுந்தன் அந்தப் பக்கங்களைக் கட்டியபோது படம் எதுவும் சேர்க்கவில்லை. கேட்காமலே இடத்தை விட்டுக் கொடுத்தான்.

எதிர்பார்த்தபடியே வந்தது வசவு. மூட்டை மூட்டையாக வந்தது.

"'துக்கத்தைக் காட்டி விதியை உடைத்திருக்கிறீர்கள்'" என்று வாசித்தான் கொழுந்தன். "'கருநாக்கன் இருந்திருந்தால் முகத்தில் காறித் துப்பியிருப்பார்.'"

"போடு."

"'இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அழுதது அழுகையாகப் படவில்லையா? நிஜமாக ஒரு ஆள் சாக வேண்டுமா உங்களுக்கு?' இது அந்தப் பொண்ணு."

ஆசிரியை டீயைக் கீழே வைத்தாள். "போடு. முதல் கடிதமா போடு."

"கோடாரிக்காரர் சந்தாவை நிறுத்திட்டாரு. ஒரே வரிதான் எழுதியிருக்காரு. 'நாங்கள்தான் சொன்னோமே, அவர் பள்ளத்தில் விழுகிற ஆள் இல்லை என்று. ஒரு தடவை விசாரித்திருக்கலாம்.'"

கொழுந்தன் அதையும் போடுகிற கட்டில் வைத்தான். மூன்றாம் நாளும் போனது, ஐந்தாம் நாளும் போனது. இவ்வளவு பேர் இவ்வளவு திட்டியும் ஒருவருக்கும் திட்டத் தெரியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்திரண்டாம் பக்க வரைபடத்தில் ஒரு படிக்கட்டு நேராகச் சுவரில் போய் முட்டியது. அவளுக்கே இப்போதுதான் கண்ணில் பட்டது. ஒருத்தர்கூட அதை எழுதியிருக்கவில்லை.

தொலைபேசி மணி அடித்தது.

"இருபதுமுகம் பத்திரிகைங்களா?"

அதே ஏற்ற இறக்கமில்லாத குரல். ஆசிரியை எழுந்து நின்றுவிட்டாள். "ஆமாங்க. நான்தாங்க."

"இதழ் வந்துச்சு. பசங்க படிச்சாங்க. ஒரே சண்டை. அவன் எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு பேரு விதியை மீறக் கூடாதுங்கறாங்க, ரெண்டு பேரு மீறணுங்கறாங்க. ரெண்டுக்கு ரெண்டு. கடைசியில, நீயே சொல்லுக்கான்னு என்கிட்ட விட்டாங்க. அவன் நாற்காலியில உட்கார வெச்சு, பகடையைக் கையில குடுத்தாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கதவைத் திறந்தேன்."

கீழே யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று தெரியும். பதினோரு வருடமாக அவனைத் திட்டித் திட்டியே கூட வந்தவள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுங்க?"

"அதை உங்ககிட்ட சொல்றதில்லைன்னு நாங்க அஞ்சு பேரும் முடிவு பண்ணியிருக்கோம்" என்றார் கருநாக்கனின் அக்கா. "சொன்னா நீங்க அச்சடிச்சுடுவீங்க."